திரைக்குப் பின்னால் ஒரு வரலாற்றாசிரியர்

வரவில்லை. இன்னும் வரவில்லை என்று சொல்வதுதான் சரி. வெறும் வரவில்லை என்பது முடிந்துபோன செய்தி, இன்னும் என்று சேர்த்துக்கொண்டால் டாக்டர் சாயங்கால ரவுண்ட்ஸ் வரும்வரை எனக்கு அவகாசம் இருக்கிறது. அதற்குள் நான் ஒன்றுக்குப் போய்விட வேண்டும். வரலாற்றுத் துறைத் தலைவராக இருந்து ஓய்வுபெற்றவன், எழுபதைத் தாண்டியவன், இன்றைக்கு அவனுக்கு விதிக்கப்பட்டிருக்கிற ஒரே வேலை இதுதான், அதையும் செய்யத் தெரியவில்லை. மூன்று வாரத்துக்கு முன்னால் திடீரென்று நின்றுபோயிற்று, டியூப் போட்டார்கள், மாத்திரை கொடுத்தார்கள், இன்று காலை முத்தரசி சிஸ்டர் வந்து "மூச்சை நல்லா இழுத்து விடுங்க சார்" என்றாள், நான் விட்டு முடிப்பதற்குள் டியூப் அவள் கையில் இருந்தது. "இனிமே நீங்களா போகணும். போனா வீட்டுக்கு. போகலைன்னா பழையபடி டியூப்தான்." எவ்வளவு சிக்கனமான நடை. நான் எழுதியிருந்தால் ஒரு பத்தியும் இரண்டு அடிக்குறிப்பும் ஆகியிருக்கும். அவள் சொல்லாமல் விட்டதும் எனக்குத் தெரியும்: ஆபரேஷன் செய்து சரிப்படுத்தலாம், ஆனால் என் இதயத்துக்குள் இரண்டு ஸ்டென்ட் உட்கார்ந்திருக்கின்றன, மயக்க மருந்து டாக்டர் என் காகிதங்களைப் புரட்டிவிட்டு உதட்டைப் பிதுக்கிவிட்டார், ஆகவே இன்று டியூப் என்றால் என்றைக்கும் டியூப். தாவரவியல் அருளானந்தம் கடைசி வருஷங்களில் அப்படித்தான் இருந்தார். சிறுநீர்ப் பையை ஒரு மஞ்சள் பைக்குள் போட்டுக்கொண்டு நூலகத்துக்கு வருவார், கத்தரிக்காய் வாங்கித் திரும்புகிறவர் மாதிரி. ஒருநாள் வாசிப்பு அறையில் அவருக்குப் பக்கத்தில் இருந்த இரண்டு பெண்கள் எழுந்து வேறு மேசைக்குப் போனார்கள். மின்விசிறிக்காகப் போயிருக்கலாம். அருளானந்தம் அப்புறம் வரவேயில்லை. வீட்டில் இருந்தபடியே செடிகளின் பெயரையெல்லாம் மறந்துபோனார் என்று கேள்வி. கேள்விதான், ஆதாரம் கிடையாது, இருந்தாலும் அந்த வாசிப்பு அறை, ஜன்னலோரத்து அந்த மூன்றாவது நாற்காலி, மனைவி போன பிறகு எனக்கு அதை விட்டால் போக வேறு இடம் எது.

கொஞ்சம் முக்கிப் பார்க்கலாமா. கூடாது, முக்கினால் உள்ளே வீங்கும் என்றாள். சும்மா இருக்கச் சொன்னாள். சும்மா இருப்பது எவ்வளவு கடினம் என்று ஞானிகள் பாடிவைத்திருக்கிறார்கள், இந்தக் கோணத்தில் அவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள். அடிவயிற்றில் ஒரு பூசணிக்காய். தொட்டால் கல். நிறைந்திருக்கிறது, வழி இருக்கிறது, மாத்திரை வேலை செய்கிறது, மூன்றும் இருந்தும் காரியம் நடக்கவில்லை. தண்ணீரும் வாய்க்காலும் இருந்து மடையைத் திறக்கிறவன் மட்டும் எங்கோ டீ குடிக்கப் போன மாதிரி. இந்த வளாகத்தின் தெற்கு மூலையில்தான் நர்சிங் பள்ளி இருக்கிறது, அதன் ஆண்டு விழா மலருக்காக நம் மாவட்டத்துச் செவிலியர் வரலாற்றை நான்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். மாவட்டம் என்பதே தகராறு பிடித்த விஷயம். என் முதல் அத்தியாயத்தில் அது ஒன்று, நான்காவதில் இரண்டு, இப்போது மூன்று. கோடு கிழித்தவர்கள் எந்த நர்ஸையும் கேட்டுக் கிழிக்கவில்லை. பள்ளி முதல்வர் அம்மையார் நல்லவர், ஆனால் "சார், கொஞ்சம் தியாகம் தூக்கலா இருக்கட்டும்" என்பார், சாம்பாரில் பெருங்காயம் சொல்வது போல. விளக்கும் வேண்டுமாம். எல்லா மலரிலும் கையில் விளக்கோடு ஒரு பெண் இருக்கிறாளே சார், நம்ம மலரில் மட்டும் ஏன் இல்லை. ஏன் இல்லையென்றால் நம் ஆஸ்பத்திரியில் அந்தக் காலத்தில் இருந்தது ஒரே ஒரு அரிக்கேன் லாந்தர், அது வாட்ச்மேன் கையில் இருந்தது, அவன் அதை யாருக்கும் தரமாட்டான், இதற்கு என்னிடம் சான்று இருக்கிறது. சான்று இல்லாத ஒரு வரியையும் நான் எழுதியது கிடையாது. முதல்வர் பெருமூச்சு விட்டார். பெண்கள் பெருமூச்சு விடும்போதெல்லாம் எனக்கு நான் சரி என்று தோன்றும், இந்தக் குணத்தைத்தான் என் மனைவி

"அத்தான், வந்துச்சா?"

வரவில்லை மாப்ளே. திரைக்கு அந்தப் பக்கம் என் மச்சினன் தங்கதுரை. மின்வாரியத்தில் ஃபோர்மேனாக இருந்தவன், எனக்குத் துணையாக வந்து என் கட்டிலின் காலடியில் தினமலரை விரித்துச் சாப்பிட்டு அதன்மேலேயே தூங்குகிறவன். அவனுக்கு உலகத்தில் எல்லாமே மின்சாரம். "லைன்ல ஃபால்ட் இல்லத்தான். சுவிட்சுதான். பயந்தா டிரிப் ஆயிரும், டென்ஷன் ஆகாதீங்க" என்கிறான், டென்ஷன் என்ற சொல்லை வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி. இந்தப் பச்சைத் திரை கண்ணுக்குத்தான் திரை, காதுக்கு இல்லை. காலையில் நான் முதல்முறை யூரின் கேனை வாங்கிக்கொண்டு இதற்குள் போனபோதே இந்த வார்டில் இருக்கிற அத்தனை ஆண்களும் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். மரியாதைக்காக. அந்த மரியாதைதான் என்னைக் கொல்கிறது. பக்கத்துக் கட்டில் காசிமாயன், லாரி ஓட்டியவர், கால் எலும்பு முறிந்து எடை கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள், அவரால் எழுந்திருக்க முடியாது, என்னைப் பற்றிக் கவலைப்பட முடியும். "சார், நான் சொல்றதக் கேளுங்க. மனசுல மலையேத்தத்துல வண்டி ஓட்டுறதா நெனச்சுக்கங்க. ஓரங்கட்ட எடமே இல்ல. எடம் இல்லைன்னு நெனச்சாத்தான் வரும்." இது ஆழமான கருத்து. முயன்று பார்த்தேன். மலை வந்தது, வளைவு வந்தது, பயம் வந்தது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு முத்தரசி சிஸ்டர் தன் முறையைக் காட்டினாள். வார்டின் கோடியில் கை கழுவுகிற தொட்டி இருக்கிறது, அதன் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர்ச் சத்தம் கேட்டால் உடம்பு தானாக இளகுமாம். நர்சிங் பள்ளியில் எந்தப் பாடத்திலும் இதைப் படித்ததில்லை, சீனியர் சிஸ்டர்கள் செய்வார்கள் நானும் செய்கிறேன் என்றாள். என் வரலாற்றில் இது இல்லை. தலைமுறை தலைமுறையாகக் கை மாறி வந்திருக்கிற ஒரு வழக்கம், எந்த ஆவணத்திலும் ஏறவில்லை, எப்படி ஏறும், மருத்துவ அதிகாரி ஆண்டறிக்கையில் 'குழாய் திறக்கப்பட்டது' என்றா எழுதுவார். நான் திரைக்குள் நின்றபடி கேனைப் பிடித்துக்கொண்டு சத்தத்தைக் கேட்டேன். அழகான சத்தம். சிற்றருவி. முதலில் ஜன்னலோரத்து ஆள் எழுந்து செருப்பைத் தேடிக்கொண்டு கழிப்பறைக்குப் போனார். அடுத்து குடல்வால் ஆபரேஷன் ஆன இளைஞன். அப்புறம் ஒருவர் பின் ஒருவராக, குளுக்கோஸ் பாட்டிலைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தபடி ஒருவர், மருமகன் தோளைப் பிடித்தபடி ஒருவர், கடைசியில் தங்கதுரையும் "இருங்கத்தான், இந்தா வந்துர்றேன்" என்று ஓடினான். காசிமாயன் படுத்த இடத்திலேயே கேன் கேட்டார். ஆண்கள் வார்டு முழுவதும் அந்தக் குழாய்க்குக் கட்டுப்பட்டது, என்னைத் தவிர. சிஸ்டர் குழாயை மூடிவிட்டு வந்து திரைக்கு வெளியே நின்று, "சார்?" என்றாள். இல்லம்மா என்றேன். அவள் சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "சரி, பரவால்ல" என்றாள்.

பரவால்ல. அன்னபாக்கியமும் இப்படித்தான் சொல்லியிருப்பாளோ. புத்தகத்தில் அன்னபாக்கியம் 'அவர்', மனசுக்குள் எப்போதும் அவள்தான், வெகுநாள் பழகிவிட்டேன். நம் மாவட்டத்தில் ஆண்கள் வார்டுக்குள் போன முதல் பெண் நர்ஸ். அதுவரை அங்கே எல்லாம் ஆண்கள்தான், காயம் கட்டுகிறவர்கள், தூக்கிப் போடுகிறவர்கள். பெண் நர்ஸ் என்றால் பிரசவ வார்டு, அதுவும் பெரும்பாலும் மிஷன் பள்ளியில் படித்த பெண்களும் தலை மழித்துவிட்டு வீட்டில் உட்காரச் சொன்னவர்கள் பேச்சைக் கேட்காமல் வந்த விதவைகளும். அன்னபாக்கியத்தை ஆண்கள் வார்டில் போட்டதும் ஊர்ப் பெரியவர்கள் கலெக்டருக்கு மனுக் கொடுத்தார்கள். கையெழுத்துப் போட்டவர்களில் பாதிப்பேர் பிறகு அதே வார்டில் படுத்தார்கள். இதை எழுதும்போது எனக்கு நல்ல மகிழ்ச்சி. பிறகு ஒரு வாக்கியம்: 'ஆண்கள் வார்டில் பெண் செவிலியர் பணிபுரிவது குறித்துச் சமூகத்தில் மனத்தடை நிலவியது.' நல்ல வாக்கியம் என்றுதான் நினைத்தேன். மூன்று வாரமாக அது என் நெஞ்சில் மீன்முள் மாதிரி நிற்கிறது. சமூகத்தில் நிலவியதாம், பனிமூட்டம் நிலவுகிற மாதிரி. சமூகமா வேட்டியை அவிழ்த்துக்கொண்டு படுத்திருந்தது? ஒரு மனிதன் படுத்திருந்தான். அவனுக்கும் இப்படிப் பூசணிக்காய் வைத்திருக்கும். அந்தக் காலத்தில் ரப்பர் டியூப் எல்லா ஊருக்கும் வந்திருக்காது, உலோகக் குழல் ஒன்று இருந்ததாகக் கேள்வி, வளைந்த குழல், நினைக்கும்போதே கால் விரல்கள் மடங்குகின்றன, வேண்டாம், வேறு யோசிப்போம். அவன் அவளைப் பார்த்தானா, கூரையைப் பார்த்தானா. அவள் எதைப் பார்த்தாள். அவளிடம் படித்த ஜெயசீலி என்ற பழைய நர்ஸைப் பேட்டி கண்டேன், எண்பது வயதைத் தாண்டியவர், வெற்றிலை போட்டுக்கொண்டு சொன்னார்: "எங்க காலத்துலயும் நாங்க உள்ள நுழைஞ்சா போதும் சார், வார்டே தூங்கிரும். காலைல பத்து மணிக்கு! அத்தனை பேரும் கண்ணை இறுக்கி மூடிக்கிட்டுக் குறட்டை விடுவாங்க. ஊசி போட்டாக்கூட முழிக்க மாட்டாங்க. நாங்க வாசலைத் தாண்டுனதும் ஒரே இருமலு, பேச்சு, பீடி." நான் சிரித்தேன், குறித்துக்கொண்டேன், பண்பாட்டு வரலாற்றுக்கு நல்ல செய்தி என்று நினைத்தேன். இன்று காலை முத்தரசி டியூபை எடுக்க வந்தபோது நான் என்ன செய்தேன்? கண்ணை மூடிக்கொண்டேன். குறட்டை ஒன்றுதான் விடவில்லை.

வலிக்கிறது. இது முன்பு இருந்த வலி இல்லை, இடுப்பைச் சுற்றிப் பின்பக்கம் போகிறது. தப்பு என்னுடையது. கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் குடியுங்கள் என்று சிஸ்டர் சொன்னாள். நிறையக் குடித்தால் சீக்கிரம் நடக்கும் என்று நானாக ஒரு கோட்பாடு வகுத்து, தங்கதுரை கழிப்பறைக்குப் போயிருந்த நேரத்தில் இரண்டு பாட்டிலையும் ஒரே மூச்சில் காலி செய்துவிட்டேன். காரணமும் விளைவும் ஒரே திசையில் ஓடும் என்று நம்புவது என் துறையின் பழைய வியாதி. இப்போது உள்ளே வெள்ளம், மடை பூட்டியபடி. முத்தரசி வந்து அடிவயிற்றை விரல்களால் அழுத்திப் பார்த்தாள், முகம் மாறிற்று. "எவ்ளோ குடிச்சீங்க?" சொன்னேன். "அய்யோ சார். படிச்சவங்கதானே நீங்க." பிறகு குரலைத் தாழ்த்தி, "ரொம்ப நேரம் இப்படி விட முடியாது சார். ரவுண்ட்ஸ் வரைக்கும்கூட வைக்கக் கூடாது. நான் பயிற்சி டாக்டரை டியூப் ட்ரே எடுத்துட்டு வரச் சொல்லிடறேன். அதுக்குள்ள ஒரு தடவ நின்னு பாருங்க, ஒரே தடவ." அவளுடைய டூட்டி முடிந்துவிட்டது, அடுத்த ஷிப்ட் சிஸ்டர் இன்னும் வரவில்லை, பள்ளிக்கூடத்து வாசலில் அவள் மகள் காத்திருக்கிறாள் என்று யாரிடமோ போனில் சொன்னதைக் கேட்டேன். போகலாம், போகவில்லை. "உங்களுக்கு மறுபடியும் போடுறதுல எனக்கு இஷ்டம் இல்ல சார், அவ்ளோதான்" என்றாள் யாரும் கேட்காமலே. பயிற்சி டாக்டர். போன முறை போட்ட அதே பையன். கையுறைக்குள் அவன் விரல்கள் நடுங்கியதை நான் பார்த்தேன், "சார், ரிலாக்ஸ்" என்று அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டதையும் கேட்டேன். கேனை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

திரைக்குள் நிற்கிறேன். கைலி முடிச்சு ஒரு கையில், கேன் ஒரு கையில். ஒரே தடவை. இந்த ஒரே தடவை என்கிற சொல்லை ஏன் சொன்னாள், அதைச் சொல்லாமல் விட்டிருந்தால். அமைதி. எல்லாரும் காது கொடுத்திருக்கிறார்கள். வாருங்கள் அய்யா, பேராசிரியர் மூத்திரம் பெய்யும் அரிய நிகழ்ச்சி, அனுமதி இலவசம். மஞ்சள் பை. இனி எங்கே போனாலும் ஒரு மஞ்சள் பை. வாசிப்பு அறையில் நாற்காலியை இழுக்கும் சத்தம். இல்லை, அதை நினைக்காதே. ட்ரேயில் எஃகுச் சாமான்கள் உரசுகிற சத்தம் வாசல் பக்கம் கேட்கிறது, பையன் வந்துவிட்டான். கண்ணை மூடு. மலையேற்றம். அருவி. ஒன்றுமில்லை. அடைத்த கதவு. என் உடம்பு என் பேச்சைக் கேட்பதாக இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன், அது ஏதோ பெருந்தன்மையில் ஒத்துழைத்திருக்கிறது. வெளியே காசிமாயன் தொண்டையைக் கனைக்கிறார். மௌனம் அவருக்கும் தாங்கவில்லை போல. "ஏங்க," என்கிறார் தங்கதுரையிடம், "முன்னெல்லாம் நர்ஸம்மாமாரு தலையில வெள்ளையா ஒண்ணு வச்சிருப்பாகள்ல, கஞ்சி போட்டு, காகிதக் கப்பல் மாதிரி. அது எங்கங்க போச்சு?"

"தொப்பியா? அது கொரோனாவுல எடுத்தது. தலையில கிருமி ஒட்டிக்கிரும்னு."

"நான் சேரும்போதே இல்லையே அங்கிள்" என்கிறாள் முத்தரசி.

"அப்ப அதுக்கு முன்னாடி. தொப்பி போட்ட முதலமைச்சர் ஒருத்தர் இருந்தாருல்ல? அவரு ஆஸ்பத்திரியைப் பாக்க வரும்போது வேற யாரும் தலையில தொப்பியோட நிக்கக் கூடாதுன்னு ஆர்டர் போட்டாங்க. எங்க ஆபீஸ் பெரிய இன்ஜினியரு சொல்லியிருக்காரு."

"அட, அப்படியா!"

"தப்பு!" என்று கத்தினேன். திரை அசைந்தது. பொறுத்துக்கொள்வதற்கும் ஓர் எல்லை உண்டு. "தங்கதுரை, தப்பு. முழுத் தப்பு. அப்படி ஒரு ஆர்டர் எந்தக் காலத்திலும் இல்ல. நம்ம ஆஸ்பத்திரியில தொப்பி போனதுக்குக் காரணம் கொசுவலை." "கொசுவலையா?" என்றார் காசிமாயன். "கொசுவலைதான். எண்பத்து மூணாம் வருஷம் மலேரியா வந்தப்ப எல்லாக் கட்டிலுக்கும் வலை கட்டுனாங்க. கம்பி கிடையாது, குறுக்கும் நெடுக்குமா சணல் கயிறு. நர்ஸு குனிஞ்சு காய்ச்சல் பாத்துட்டு நிமிர்ந்தா தொப்பி வலையில மாட்டிக்கும். இழுத்தா வலை பிஞ்சிரும், வலை பிஞ்சா சம்பளத்துல பிடிப்பாங்க. அதனால நர்ஸுங்க தொப்பிய வலையிலயே தொங்க விட்டுட்டு அடுத்த கட்டிலுக்குப் போயிட்டாங்க. ஒருநாள் சூப்பரிண்டெண்டு வந்து பாக்குறாரு, வார்டு முழுக்கக் கொக்கு மாதிரி தொப்பி தொங்குது, ஒரு தலையிலயும் இல்ல. அவரு"

எந்த இடத்தில் தொடங்கியது என்று எனக்குத் தெரியவில்லை. கொக்குக்கு முன்னால் இருக்கலாம். கை கனப்பதைத்தான் முதலில் உணர்ந்தேன், பிறகு சூட்டை, பிறகு சத்தத்தை. மெல்லிய, தயங்கிய, பிறகு தயங்காத சத்தம். வெளியே ஒருவரும் மூச்சு விடவில்லை. பையன் கையிலிருந்த ட்ரேகூடச் சத்தம் போடவில்லை. நான் பேச்சை நிறுத்தினேன், உடனே அதுவும் நின்றது. "அப்புறம் சார்?" என்றாள் முத்தரசி, ரொம்பச் சாதாரணமாக, கதை கேட்கிறவள் போல. "அவரு என்ன செஞ்சாரு?" அவரு, என்றேன், அவரு ஒண்ணும் சொல்லல, வாய்மொழியாச் சரின்னுட்டாரு, தொப்பி போடுறவங்க போடலாம், போடாதவங்க வேண்டாம்னு, மறுபடியும் தொடங்கிற்று. ஆகவே அது பேச்சோடு ஓடுகிறது. பேச்சு நின்றால் நிற்கும். ஆனால் செய்தி அவ்வளவுதான், சூப்பரிண்டெண்டு சரி என்றார், தொப்பி போயிற்று, என்னிடம் இருக்கிற சான்று அந்த இடத்தோடு முடிகிறது, அதற்குமேல் ஒரு வரி கிடையாது, உள்ளேயோ இன்னும் பாதி வெள்ளம் இருக்கிறது. "மொதல்ல தொப்பிய விட்டது யாரு தெரியுமா" என்று என் குரல் கேட்டது. எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. "ரெங்கநாயகின்னு ஒரு நர்ஸு." யார் இவள்? "நல்ல உசரம், அதனாலதான் தொப்பி மொதல்ல மாட்டுச்சு." ஆமாம், உயரம், நியாயம்தான், ஓடட்டும். "சைக்கிள்ல வருவாங்க, அந்தக் காலத்துலயே. புருஷன் போஸ்ட்மேன், ஒரே சைக்கிள், அவரை போஸ்ட் ஆபீஸ்ல எறக்கி விட்டுட்டு இவங்க டூட்டிக்கு வருவாங்க." "பொம்பள மிதிக்க ஆம்பள பின்னால உக்காந்தா?" என்றார் காசிமாயன் பரவசத்துடன். ஆமா என்றேன். இதற்கு எந்தக் கல்வெட்டும் இல்லை, எந்தக் கடிதமும் இல்லை, என் ஆயுளில் இப்படி ஒரு பொய்யைச் சொன்னதில்லை, கண்ணில் நீர் முட்டியது, பூசணிக்காய் இளகி இளகி இறங்கிக்கொண்டிருந்தது. "ஊரே சிரிச்சுச்சு. ரெங்கநாயகி பெல்லை அடிச்சுக்கிட்டே போயிருவாங்க."

"அந்தம்மா இப்ப இருக்காகளா சார்?"

"இருக்காங்க, இருக்காங்க. நல்லா இருக்காங்க. மூத்த மகன் வாத்தியாரு, அடுத்தவன் துபாய்ல. ஒரு மகளை நர்சிங்தான் படிக்க வச்சாங்க."

திரையின் ஓரம் விலகி, வளையல் போட்ட ஒரு கை மட்டும் உள்ளே நீண்டது. அதில் இன்னொரு காலிக் கேன். "இந்தாங்க சார், அது நிறைஞ்சிருக்கும். நிறுத்தாதீங்க, சொல்லுங்க." கேனை மாற்றிக்கொண்டே ரெங்கநாயகிக்கு இன்னொரு மகளையும் கொடுத்தேன்.